1912-ல் கட்டிய பள்ளிக் கட்டடம்: இடிக்காமல் இன்றைய வகுப்பறைகளாக்க முடியுமா?

சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். நாகை மாவட்டக் கடலோர ஊர். 1912-ல் கட்டிய உதவிபெறும் பள்ளி. கீழ்த்தளமும் ஒரு மாடியும், மேலே தேக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் கூரை. மாடி அறைகளில் கசிவு, கிழக்குச் சுவரில் இரண்டு விரிசல். நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். முன்னாள் மாணவர்களான நீங்கள் பணம் திரட்டித் தரத் தயாராக இருக்கிறீர்கள். நூலகம், கணினி அறை, ஸ்மார்ட் வகுப்பு எல்லாவற்றையும் அந்தக் கட்டடம் தாங்குமா, புதுப்பிப்பது உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா, இல்லை வெறும் பழம்பாசமா என்பது உங்கள் கேள்வி. இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் எழுதாத கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளைகளை நம்பி அதற்குள் உட்கார வைக்கலாமா? நான் 25 ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கட்டடங்களைச் சீரமைத்துவரும் பொறியாளர். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

குழுவில் இடிக்கச் சொல்பவர்களின் பயத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடித்து இடிக்கும் வேலை நடந்தது. அந்த நிலையில் ஒரு தாளாளர் "எனக்கு எதற்கு வம்பு" என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வயதை வைத்துக் கட்டடத்தின் பலத்தைச் சொல்லிவிட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியின் கடற்கரைச் சாலைக் கட்டடம், ராபர்ட் சிஸம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1870-ல் திறந்தது. அது இன்றைக்கும் கல்லூரியாகவே இருக்கிறது. இன்னொரு பக்கம், முப்பது வயதுகூட ஆகாத கான்கிரீட் பள்ளிகளில் கம்பி துருப்பிடித்து, மேல்பூச்சு பாளம் பாளமாக விழுவதைக் கடலோரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போய்த் தின்னும். உங்கள் கட்டடத்தின் சுவரில் அது தின்னக் கம்பி இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் சேர்ந்த கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். உங்கள் கட்டடம் எந்த அளவு கெட்டிருக்கிறது என்பதைப் படங்களைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. குறிப்பாக அந்த விரிசல்கள். எண்பது வருடத்துக்கு முன் அஸ்திவாரம் இறங்கி, அப்புறம் அப்படியே நின்றுபோன விரிசலும், இப்போது அகன்றுகொண்டிருக்கும் விரிசலும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பூச்சைச் சிறிது சுரண்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். கண்ணாடி உடையாவிட்டால் பெரும்பாலும் அது பழைய காயம். உடைந்தால், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் மேலே எதுவும் செய்யக்கூடாது. அதுவரை அந்தச் சுவரையொட்டிய அறைகளில் வகுப்பு வேண்டாம்.

இனிக் கூரை. மெட்ராஸ் டெரஸ் எப்படி நிற்கிறது என்பது தெரியாதவர்கள் அதில் கைவைப்பதால்தான் பாதிச் சேதம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவர்மேல் தேக்கு உத்தரம், உத்தரத்தின்மேல் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள். சட்டங்களின்மேல் சிறிய தட்டைச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய படுகை. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஓர் அடித் தடிமன் வரும். இதைவிடக் கான்கிரீட் கூரை எடை கூடுதல் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. கணக்குப் போட்டால் பல இடங்களில் மெட்ராஸ் டெரஸ்தான் கூடுதல் எடை.

கசிவு வரும்போது வழக்கமாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழையதை எடுக்காமல் மேலே இன்னொரு அடுக்குத் தட்டோடு பதிக்கிறார்கள். பத்து வருடம் கழித்து மறுபடியும் கசியும், மறுபடியும் ஓர் அடுக்கு. நான் பிரித்த ஒரு கூரையில் மூன்று அடுக்குகள் இருந்தன. கீழே இருந்த தேக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் வளைந்திருந்தது. மேலே இருந்த இரண்டு அடுக்கையும் இறக்கியதுதான் அங்கே நாங்கள் செய்த மிகப் பெரிய பலப்படுத்தல். உங்கள் கூரையிலும் ஓரிடத்தில் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது உத்தரத்தின் முனைகள். நடுவில் மரம் எவ்வளவு வைரம் பாய்ந்து நின்றாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனை கண்ணுக்குத் தெரியாது, மழைநீர்க் குழாய் அடைத்தால் முதலில் நனைவதும் அதுதான். அனுபவமுள்ள ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு முனையையும் சுத்தியலால் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள், மெல்லிய துளைப்பானால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் பொத்தென்று வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். முனை மட்டும் இற்றிருந்தால் முழு உத்தரத்தையும் தூக்கிப் போட வேண்டாம். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, நல்ல தேக்கைப் பொருத்தி, இருபுறமும் எஃகுத் தகடு வைத்து போல்ட் போடலாம். இதைப் பலமுறை செய்திருக்கிறோம், நிற்கிறது. கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடலாம் என்று யாராவது சொன்னால், எடையைவிட வேறொரு காரணத்துக்காக நான் தயங்குவேன். வெயிலில் கான்கிரீட் தளம் நீண்டு சுருங்கும்போது, மென்மையான சுண்ணாம்புச் சுவரின் தலைப்பகுதியைத் தன்னோடு இழுக்கும். கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசலாக அது வெளியே வரும். அதற்கும் பொறியியல் தீர்வுகள் உண்டு, ஆனால் நல்ல தேக்கு இருக்கும்போது அந்த வழிக்குப் போகத் தேவையில்லை.

சுவர்ப் பூச்சில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடற்கரையோரம் இருந்த ஒரு பழைய மாணவர் விடுதியில், உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு நல்ல கனமாகச் சிமென்ட் பூசச் சொன்னேன். பார்க்கப் புதிதுபோல இருந்தது. இரண்டாவது மழைக்குப் பிறகு நான்கடி உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. தட்டினால் செங்கல் பொடியும் சேர்ந்து உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக அமைதியாக வெளியேறிக்கொண்டிருந்தது, நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டேன். அந்தச் செங்கற்கள் நூறு வருடத்தில் இழந்ததைவிட அதிகமாக அந்த இரண்டு வருடத்தில் இழந்தன. உங்கள் படத்தில் கீழ்த்தளச் சுவரில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிகிறது. அது சிமென்ட் பூச்சாக இருந்தால், முதல் வேலையாக அதை மெதுவாக, உளியால் மட்டும், எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட்டும் இதே கெடுதலைச் செய்யும். சுண்ணாம்பு வெள்ளையே போதும்.

சுண்ணாம்பு என்றதும் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்க்கணுமா என்ற கேள்வி வந்துவிடும். இங்கே நிச்சயத்தையும் சந்தேகத்தையும் பிரித்துவிடுகிறேன். சுட்ட கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ புதிதாக வாங்கி, நன்றாகத் தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி), சலித்து, ஊறவைத்து, மணலோடு அரைத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது நிச்சயம். பூசிய பிறகு ஈரம் சட்டென்று காயாமல் பார்த்துக்கொள்வதும் நிச்சயம். கடைகளில் மூட்டையில் கிடக்கும் பழைய சுண்ணாம்புத் தூள் காற்றுப்பட்டு ஏற்கெனவே செத்திருக்கும், அதில் என்ன சேர்த்தாலும் பிடிக்காது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலவையைக் குழைவாக்கி வேலையை எளிதாக்குகின்றன என்பதைக் கொத்தனார்களின் கையில் நானே பார்த்திருக்கிறேன். அவை பலத்தை இத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஊருக்கு ஊர் மணலும் மாறுகிறது, சுண்ணாம்பும் மாறுகிறது. உங்கள் சுவரிலேயே ஒரு மூலையில் மூன்று விதக் கலவையைப் பூசி, மூன்று மாதம் கழித்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பது எந்தப் புத்தகத்தையும்விட நம்பகமானது.

இப்போது நூலகம், கணினி அறை. பழைய கட்டடத்தில் புதிய பயன்பாட்டைக் கொண்டுவரும்போது, எந்த அறைக்கு எது பொருந்தும் என்று கட்டடத்திடம்தான் கேட்க வேண்டும். முதலில் திட்டத்தை வரைந்துவிட்டு அதற்காகச் சுவரை உடைக்கும் பழக்கமே பல நல்ல கட்டடங்களைக் கொன்றிருக்கிறது. எடைக் கணக்கைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவும், வகுப்பறைக்கு 300 கிலோவும் பயன்பாட்டு எடையாகக் கொள்ளச் சொல்கிறது. புத்தக அடுக்கு அறைக்கோ குறைந்தது 600 கிலோ, அலமாரி உயரம் கூடினால் அதற்கும் மேல். அதாவது வகுப்பறையைப் போல இரு மடங்கு. எனவே புத்தக அலமாரிகள் கீழ்த்தளத்துக்குப் போகட்டும், மண்ணே அதைத் தாங்கும். வெளிச்சமும் காற்றும் நிறைந்த மாடி அறைகளை வாசிப்புக்கும் வகுப்புக்கும் வையுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஓதமும் கரையானும் புத்தகத்துக்கு எளிதில் வராது. கணினி அறையும் கீழேதான். பழைய ஒயரை முழுவதும் கழற்றிவிட்டுப் புதிதாக இழுங்கள், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். ஒயருக்காகச் சுவரில் பள்ளம் வெட்ட வேண்டாம், சுவர்மேல் குழாயாகவே ஓடட்டும். ஆணி, திருகு எதுவானாலும் செங்கல்லில் துளைக்காமல் இணைப்புச் சாந்தில் அடித்தால், நாளைக்கு எடுத்துவிட்டுப் பூசிவிடலாம்.

கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சத்துணவுக்கூடம் என்று தண்ணீர் புழங்கும் எதையும் பழைய கட்டடத்துக்குள் கொண்டுவராதீர்கள். மாடியில் தேக்குச் சட்டத்தின்மேல் கழிப்பறை கட்டுவது அந்தக் கட்டடத்துக்கு நாள் குறிப்பதற்குச் சமம். பின்பக்கம் சிறிய புதிய கட்டடம் ஒன்று கட்டி அங்கே வையுங்கள். அந்தப் புதிய கட்டடத்திலேயே இரண்டாவது மாடிப்படியையும், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான சாய்தளத்தையும், இடமிருந்தால் லிஃப்டையும் சேர்த்துவிடலாம். சூரிய மின்தகடுகளையும் அதன் கூரையிலேயே பொருத்துங்கள். தகட்டின் எடை பெரிதில்லை, ஆனால் சட்டத்தைப் பிடிக்க மெட்ராஸ் டெரஸில் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு.

இரண்டாவது படியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்தோம். நெரிசலான அறைகள், மேலே கீற்றுக் கொட்டகை, தப்பிக்கக் குறுகலான ஒரே படி. உங்கள் பள்ளியிலும் மாடிக்கு ஒரே ஒரு மரப்படிதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இரண்டாவது வழி வரும் வரை மாடியில் வகுப்பு நடத்தக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. கனமான தேக்கு உத்தரம் தீயில் மெதுவாகக் கருகும், சட்டென்று விழாது என்பது உண்மைதான். ஆனால் 2012 ஜனவரியில் சென்னையின் பழைய சேப்பாக்கம் அரண்மனைக் கட்டடமான கலஸ் மகாலில் தீ எப்படிப் பரவியது என்று எல்லோரும் பார்த்தோம், தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. எரிந்த கட்டடத்தையே மீட்க முடியும் என்பதற்கு அது சாட்சி, ஆனால் அந்த நிலைக்கு விடவே கூடாது. ஜிப்சம் பால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் ஒயர்களை ஒளிப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். கசிவும் கரையானும் தீப்பொறியும் அதற்குள் யாருக்கும் தெரியாமல் வளரும்.

வெப்பம் பற்றி. பதினைந்தடி உயரமும் ஒன்றரை அடிச் சுவரும் இருக்கும் அறைக்கு ஏசி தேவையா? கீழ்த்தளத்தில் தேவையில்லை என்று தயங்காமல் சொல்வேன். அடைத்து வைத்த வென்டிலேட்டர்களைத் திறந்து, நீண்ட கம்பியில் மின்விசிறியை ஒன்பது அடி உயரத்துக்கு இறக்கினாலே பெரிய மாற்றம் தெரியும். பிஎல்டிசி விசிறிகள் பழைய விசிறியில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் ஓடும். மாடியில் மே மாதம் கஷ்டம்தான். கூரைத் தட்டோட்டின்மேல் வெள்ளை அடித்தால் கணிசமாகக் குறையும். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கனமான சுவர் இரவில் குளிர்ந்து பகலைத் தணிக்கும் என்ற வாதம் மதுரையில் செல்லுபடியாகும் அளவுக்குக் கடலோரத்தில் ஆகாது. அங்கே இரவும் புழுக்கம்தான். உங்கள் ஊரில் காற்றோட்டம்தான் கைகொடுக்கும், எனவே எதிரெதிர் ஜன்னல்களை அலமாரி வைத்து மறைக்காதீர்கள். கூடவே, யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று எதிரொலி. உயரமான வெற்றுச் சுவர் அறையில் ஸ்மார்ட் வகுப்பு ஸ்பீக்கரைப் போட்டால் கடைசி பெஞ்சுக்கு ஒரு சொல்லும் விளங்காது. பின்சுவரில் மரச்சட்டம் கட்டி அதில் தென்னைநார்ப் பலகைகளையோ கெட்டித் துணியையோ மாட்டினால் போதும், செலவும் குறைவு.

சுற்றுச்சூழல் கேள்விக்கு வருகிறேன். பழைய கட்டடத்தைக் காப்பாற்றினால் இத்தனை செங்கல் மிச்சம் என்று பெரிய எண்களைச் சொல்வார்கள். 6 மீட்டருக்கு 9 மீட்டர், நாலரை மீட்டர் உயரமுள்ள உங்கள் அறை ஒன்றின் நான்கு சுவர்களில், ஜன்னல் கதவுகளைக் கழித்தாலும், இன்றைய அளவில் சுமார் 24,000 செங்கல் வரும். ஆனால் புதிதாகக் கட்டும் யாரும் ஒன்றரை அடிச் சுவர் வைக்கப் போவதில்லை, அதனால் அந்த எண்ணை முழுவதும் மிச்சக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. நியாயமான ஒப்பீடு இது: அதே 54 சதுர மீட்டரை, அதாவது சுமார் 580 சதுர அடியை, கான்கிரீட் சட்டகத்தில் கட்டினால், கட்டுமானக்காரர்களின் கைக்கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட்டும் 4 கிலோ கம்பியும் ஆகும். ஏறத்தாழ 230 மூட்டை, இரண்டேகால் டன் கம்பி. சிமென்ட்டின் வகையைப் பொறுத்து அதிலிருந்து மட்டும் 7 முதல் 10 டன் கரியமில வாயு, கம்பிக்குத் தனியாகச் சில டன். இதைத் தவிர்க்கிறீர்கள், இடிபாடு ஏற்றிய பத்து லாரி நடைகளையும் தவிர்க்கிறீர்கள். சீரமைப்புக்கும் சுண்ணாம்பு சுட வேண்டும்தான். அதற்குச் சுமார் 900 டிகிரி சூடு போதும், சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். மேலும் சுண்ணாம்பு இறுகும்போது, சுடும்போது விட்ட வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, லாபம் உண்மையானது. ஒரே நிபந்தனை, கட்டடம் தினமும் புழங்க வேண்டும். பல லட்சம் செலவழித்துச் சீரமைத்துவிட்டு ஆண்டு விழாவுக்கு மட்டும் திறப்பதாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் கூரையில் அரசஞ்செடி முளைப்பதைப் பார்க்க ஆள் இருக்காது.

செலவைப் பற்றி இங்கே எண் சொல்ல மாட்டேன். கூரையைத் திறக்காமல் சொல்லப்படும் எந்த எண்ணும் ஊகம்தான். ஒப்பந்தக்காரர் யாராவது வெளியே நின்று பார்த்துவிட்டு மொத்தத் தொகை சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். காலத்தைப் பற்றிச் சொல்ல முடியும். கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பில் ஒவ்வொரு பூச்சும் இறுக நாள் கேட்கும், கூரைப் படுகைக்கு வாரங்கள் வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாம் இறுகியிருக்க வேண்டும். ஜனவரி கடைசியில் தொடங்கி, இரண்டிரண்டு அறைகளாகப் பிரித்துச் செய்தால், பள்ளியும் நடக்கும், வேலையும் நடக்கும். பெரிய மாணவர்கள் வந்து சாந்து அரைப்பதையும் தச்சு வேலையையும் பார்க்கட்டும். எங்கள் வேலையிடங்களில் இருக்கும் நல்ல சுண்ணாம்புக் கொத்தனார்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களோடு இளம் கொத்தனார் இரண்டு பேரையாவது வேலைக்கு வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

குழுவிடம் பேசும்போது சான்றுகளிலிருந்து தொடங்குங்கள். பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவர்கள் கவலையும் அதுதான். கான்கிரீட் மட்டுமே பழகிய பொறியாளர், மரக்கூரையைப் பார்த்ததும் கையெழுத்துப் போடத் தயங்குவார். அதை அவர் குறையாக நான் நினைக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டடங்களில் வேலை செய்த பொறியாளர் ஒருவரின் எழுத்துபூர்வமான ஆய்வறிக்கை கையில் இருந்தால் அந்தத் தயக்கம் குறையும். பொதுப்பணித் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கும் ஆலோசனை கேட்டுப் பாருங்கள். அறிக்கை வந்த பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்று அது சொன்னால், தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டிலும் அஸ்திவாரம் கைவிட்டிருந்தது.

இதெல்லாம் நடக்க மாதங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அக்டோபர் மழைக்கு முன் மூன்று வேலைகளை முன்னாள் மாணவர்களே முடித்துவிடலாம்: கூரையின் தண்ணீர்ப் போக்குக் குழாய்களை முழுவதும் சுத்தம் செய்வது, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் ஆல, அரசஞ்செடிகளைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து வேரைச் சாகடிப்பது (பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வரும்), விரிசல்களில் கண்ணாடி ஒட்டுவது. மழை பெய்யும்போது ஒருவர் மாடியில் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் முதலில் சொட்டுகிறது என்று படம் எடுத்துக் குறித்து வைக்கட்டும். கிழக்குச் சுவர் கூரையைத் தொடும் இடத்தை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், உத்தர முனைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.